விக்ரோலியின் பிள்ளைத்தாய்ச்சிகள்: அன்றும் இன்றும்

மும்பை விக்ரோலி பார்க்சைட்டின் மேட்டுச் சந்துகளில், ஆச்சியும் பேத்தியும் ஒரே வீட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் பல உண்டு. ஆச்சிக்குப் பேறுகாலம் பார்த்தது 1960களிலும் 70களிலும். "பிள்ளை வயித்துல சிறுசா இருந்தாத்தான் பேறுகாலம் லேசு" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறை அது. பேத்திக்கு இப்போது ஏழாம் மாதம். "இந்த மாசம் மட்டும் நாலு கிலோ ஏறிட்டு ஆச்சி, டாக்டர் சத்தம் போடுறாங்க" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உட்காருகிறாள். ஆச்சிக்கு அது விளங்குவதில்லை. "எங்க காலத்துல யாருளா நிறுத்துப் பாத்தா? பிள்ளத்தாச்சி தெம்பா இருந்தா நல்லதுதானே?" என்கிறார்.

ஐம்பது, அறுபது ஆண்டுக்குள் கர்ப்பிணியின் எடை குறித்த பயம் தலைகீழாகிவிட்டது. அன்று ஏறாத எடை கண்ணுக்குத் தெரியவில்லை. இன்று ஏறும் எடை தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆனால் அந்தப் பழைய குறை ஒழிந்து போய்விடவில்லை. ஒரே சந்தில், ஒரு வீட்டில் 41 கிலோவில் கர்ப்பமான பெண்ணும், அடுத்த வீட்டில் 68 கிலோவில் கர்ப்பமான பெண்ணும் இருக்கிறார்கள். இருவருக்கும் அக்கம்பக்கம் சொல்லும் புத்திமதி ஒன்றே: "ரெண்டு உயிருக்குச் சேத்துச் சாப்பிடு." இந்தப் புத்திமதி ஒருத்திக்குப் போதாது, இன்னொருத்திக்குப் பொருந்தாது.

மலையடிவாரத்துக்கு வந்த தமிழர்

விக்ரோலியின் இன்றைய முகம் 1943இல் தொடங்குகிறது. பிரோஜ்ஷா கோத்ரெஜ் அந்த ஆண்டு இங்கே பெரும் நிலப்பரப்பை வாங்கினார். லால்பாக்கில் 1897இல் பூட்டுத் தொழிலாகத் தொடங்கிய நிறுவனம் மெல்ல மெல்ல இந்தச் சதுப்பு நிலக் கரைக்கு இடம்பெயர்ந்தது. நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்கான வாக்குப்பெட்டிகள் லட்சக்கணக்கில் விக்ரோலிப் பட்டறையில்தான் செய்யப்பட்டன. 1955இல் இந்தியாவின் முதல் தட்டச்சுப்பொறியும் கோத்ரெஜ் தயாரிப்பாக வந்தது. லால் பகதூர் சாஸ்திரி சாலையெங்கும் ஆலைகள் முளைத்தன. வேலை இருக்கிறது என்ற சேதி திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் போயிற்று. தாராவியில் உறவுக்காரர் வீட்டில் ஒரு மூலை கிடைத்தவர்கள், அங்கிருந்து வடக்கே நகர்ந்து விக்ரோலி மேட்டில் தகரமும் தார்ப்பாயும் வைத்துக் குடியேறினார்கள். கிழக்கே டாகோர் நகரும் கன்னம்வார் நகரும் அரசுக் குடியிருப்புகளாக எழுந்தன.

ஆண்கள் முதலில் வந்தார்கள். ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை, கைக்கு வந்த பிறகு மனைவியை அழைத்து வந்தார்கள். பதினேழு, பதினெட்டு வயதில் மணமாகி, ஊரில் வயல் வேலையோ பீடி சுற்றும் வேலையோ பார்த்து, ஏற்கெனவே மெலிந்திருந்த பெண்கள் அவர்கள். மேட்டு வீட்டுக்குக் குழாய் கிடையாது. அடிவாரத்துக் குழாயில் வரிசையில் நின்று, இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று ஏறினார்கள். முழுகாமல் இருக்கிறாள் என்பதற்காகத் தண்ணீர் யார் வீட்டுக்கும் தானாக ஏறி வந்துவிடாது. எட்டாம் மாதத்திலும் குடம் சுமந்ததை ஆச்சிமார் இன்றும் சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள்.

சாப்பாட்டு வரிசையையும் சொல்ல வேண்டும். ஷிப்டுக்குப் போகும் ஆணுக்கு முதல் தட்டு. பிறகு பிள்ளைகள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மச்சானோ தம்பியோ அடுத்து. கடைசியாகச் சட்டியில் இருப்பது அவளுக்கு. மீன் குழம்பில் மீன் தீர்ந்திருக்கும், கறியில் எலும்பு மிஞ்சியிருக்கும். பிள்ளைத்தாய்ச்சி என்று யாராவது ஒரு துண்டை ஒதுக்கி வைத்தால் அது மாமியாரின் நல்ல மனம். வீட்டில் வன்மம் எதுவும் கிடையாது, வரிசைதான் அப்படி இருந்தது.

அதற்கு மேல் நம்பிக்கைகளின் கட்டு. பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, எள் சூடு. நிறையச் சாப்பிட்டால் வயிறு முட்டிப் பிள்ளைக்கு இடமில்லாமல் போகும். பிள்ளை பெருத்தால் ஆயுதம் போட்டு எடுப்பார்கள். இந்தக் கடைசிப் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. சிறுவயதுத் திருமணம், குறுகிய இடுப்பெலும்பு, பக்கத்தில் அறுவை வசதி இல்லாத ஊர் என்ற சூழலில், பெரிய பிள்ளை தாயின் உயிரைக் கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்தவர்கள் சொன்ன வார்த்தை அது. சின்னப் பிள்ளை அவர்களுக்கு உயிர்பிழைக்கும் வழியாகத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் மேலைநாட்டு மருத்துவர்களும் வேறு காரணத்தால் இதே கட்டுப்பாட்டைத்தான் சொன்னார்கள். கர்ப்பகால ரத்த அழுத்தத்தையும் வலிப்பையும் தடுக்கலாம் என்று எண்ணி, மொத்தம் 7 முதல் 9 கிலோவுக்கு மேல் ஏறவிடாமல் பெண்களைப் பட்டினி போட்டார்கள். அது தவறான வழி என்று ஆய்வுகள் தெளிவாக்கிய பிறகு, 1970இல் அமெரிக்க வல்லுநர் குழு அந்த அளவை 9 முதல் 11 கிலோவாக உயர்த்தியது. விக்ரோலி மேட்டில் யாரும் எடையைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கவில்லை. வறுமையே அதைச் செய்தது. போதிய உணவு கிடைக்காத கர்ப்பிணிக்கு 5, 6 கிலோ மட்டுமே ஏறக்கூடும் என்று நம் அரசின் வழிகாட்டியே எழுதிவைத்திருக்கிறது. அந்த 5 கிலோவில் பிள்ளையும் நஞ்சும் பனிக்குட நீரும் கூடியிருக்கும் ரத்தமும் போனால் தாயின் உடம்புக்கு என்ன மிஞ்சும்? கையிருப்பை எடுத்துத்தான் அவள் பிள்ளையைக் கட்டினாள்.

பரேலில் ஒரு மருத்துவர்

மும்பையின் ஏழைக் கர்ப்பிணி என்ன சாப்பிடுகிறாள் என்ற கேள்வியை உலக மருத்துவத்தின் முன் வைத்தவர் லூசி வில்ஸ். இங்கிலாந்திலிருந்து 1928இல் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். பரேலில் ஹாஃப்கின் நிறுவனத்தில் இருந்துகொண்டு அந்தப் பெண்களின் சாப்பாட்டை ஆராய்ந்தார். இடையே குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அதே வேலையைத் தொடர்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931இல் அதை அறிவித்தார். பத்தாண்டு கழித்து, பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அந்தச் சத்துக்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. இன்று விக்ரோலி ஹெல்த் போஸ்ட்டில் (மாநகராட்சிச் சுகாதார மையத்தில்) பேத்தி வாங்கிவரும் மாத்திரையின் வரலாறு, இதே நகரத்தின் பரேலில் தொடங்கியது.

அந்த அறிவு மேட்டு வீட்டுக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. சத்து மாத்திரை வந்த பிறகும் "அதைத் தின்னா பிள்ளை கறுப்பாப் பிறக்கும்" என்ற பேச்சு அதைப் பரணுக்கு அனுப்பியது. மாத்திரை வயிற்றைப் பிடிக்கும், குமட்டும். அதைச் சொல்லித் தீர்வு கேட்கவும் ஆளில்லை. மசக்கையில் சாம்பலையும் திருநீற்றையும் அடுப்புக்கரியையும் தேடித் தின்றதை ஆசை என்று எல்லாரும் சிரித்துக்கொண்டார்கள். இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு பல நேரம் அப்படிக் கேட்கும் என்பது பிறகுதான் தெரியவந்தது.

ஊருக்குப் போன தலைப்பிரசவம்

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெட்டியைக் கட்டினார்கள். பம்பாயிலிருந்து சென்னைக்கு ஒரு வண்டி. சென்ட்ரலில் இறங்கி எழும்பூருக்குப் போய்த் தெற்கே இன்னொரு வண்டி. இரண்டு நாள் பயணம். ஆனாலும் பெண்கள் அதற்காக ஏங்கினார்கள். அம்மா வீட்டில் சாப்பாட்டு வரிசை மாறும். முதல் தட்டு மகளுக்கு. முருங்கைக்கீரை, முட்டை, நெத்திலிக் கருவாடு, உளுந்தங்களி என்று பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். கடைசி இரண்டு மாதத்தில் ஏறிய சதைதான் பல பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும்.

இரண்டாவது, மூன்றாவது பேறுகாலங்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. மூத்த பிள்ளையை விட்டுவிட்டு யார் போவது? அவை இங்கேயே நடந்தன. சிலருக்கு வீட்டில், மருத்துவச்சி கையால். பலருக்குக் காட்கோபர் ராஜாவாடியிலோ சயன் ஆஸ்பத்திரியிலோ. பிள்ளை பிறந்த பிறகுதான் தராசு வரும். பிள்ளையை நிறுத்தார்கள், தாயை யாரும் நிறுக்கவில்லை.

இடையில் நடந்தவை

1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடிகள் மெல்ல மும்பைக் குடிசைப் பகுதிகளுக்கும் வந்தன. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நாளொன்றுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் தரும் கூடுதல் உணவு என்பது 2009இல் திருத்திய அளவு. தமிழ்நாட்டில் 1987இல் 300 ரூபாயில் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 2018இல் 18,000 ரூபாய் ஆனது. ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதில் சேர்ந்தது. நாடு முழுவதற்குமான பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் 2017இல் முதல் பிள்ளைக்கு 5,000 ரூபாயோடு வந்தது.

சயன் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைப் பிரிவை நடத்திய மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ், 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை அங்கே தொடங்கினார். எடை குறைந்து பிறந்த பிள்ளைகளைத் தினமும் பார்த்தவர் அவர். பிள்ளை பிறந்த பிறகு வார்டில் போராடுவதைவிட, தாயிடம் முன்னதாகவே போக வேண்டும் என்று 1999இல் ஸ்நேஹா அமைப்பைத் தொடங்கி, தாராவி போன்ற இடங்களில் வீடு வீடாகப் பணியைக் கொண்டுபோனார். பிள்ளையின் எடையைப் பேச வேண்டிய இடம் தாயின் அடுப்படி என்ற எண்ணம் இப்படித்தான் இந்த நகரத்தில் வேர்விட்டது.

மேடும் மாறியது. குழாய் வீட்டுக்கு வந்தது. காஸ் அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர் வந்தன. தகரம் செங்கலானது, சில இடங்களில் லிப்ட் வைத்த மாடிக் கட்டடமானது. குடம் சுமந்த பெண்ணின் மகள் வசதியானவர்களின் ஹிரானந்தானி அடுக்ககங்களில் வீட்டு வேலைக்குப் போனாள். பேத்தி கணினி முன் எட்டு மணி நேரம் உட்காருகிறாள். உடம்பு செலவழிக்கும் சக்தி குறைந்தது. மலிவாகக் கிடைக்கும் சக்தி கூடியது.

இன்று: ஏறும் முள்

தேசியக் குடும்பநல ஆய்வு இந்த மாற்றத்தை எண்களில் காட்டுகிறது. 2005-06இல் இந்தியப் பெண்களில் மெலிந்தவர்கள் 35.5 விழுக்காடு. 2019-21இல் 18.7. அதே காலத்தில் கூடுதல் எடை உள்ளவர்கள் 12.6 விழுக்காட்டிலிருந்து 24 ஆனார்கள். நம் பெண்கள் பேறுகாலத்துக்குப் போகும் தமிழ்நாட்டில், 2019-21இல் கூடுதல் எடையுள்ளவர்கள் 40.4 விழுக்காடு. மெலிந்தவர்கள் 12.6. இருந்தும் நாட்டின் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல், 52.2 விழுக்காட்டினருக்கு, ரத்தசோகை. எடை கூடியிருக்கிறது, சத்துக் கூடவில்லை என்பதுதான் இதன் பொருள்.

விக்ரோலி ஸ்டேஷனுக்கு வெளியே மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் காரணம் விளங்கும். வடாபாவ், சமோசா, பாவ்பாஜி, சீனி போட்ட கட்டிங் சாயா, சிறு பாக்கெட் சிப்ஸ், கிரீம் பிஸ்கட். எல்லாம் கைக்கு எட்டும் விலை, எல்லாம் வயிற்றை நிரப்பும். பக்கத்திலேயே மேத்தியும் பாலக்கும் முருங்கைக்காயும் குவிந்திருக்கும். ஆனால் அதை வாங்கி, ஆய்ந்து, சமைக்க ஒரு மணி நேரம் வேண்டும். வேலை முடிந்து நெரிசல் ரயிலில் வந்திறங்கும் கர்ப்பிணிக்கு அந்த ஒரு மணி நேரத்தை யார் தருகிறார்கள்?

வீட்டுக்கு வந்தால் அன்பு வேறு வடிவத்தில் காத்திருக்கிறது. பட்டினி பார்த்த தலைமுறை, பேத்தி தட்டில் சோறு குறையக் கூடாது என்று நிற்கிறது. நெய், பேரீச்சை, பாதாம் பால், குங்குமப்பூ, ஊட்டச்சத்து மாவு என்று வரிசை. "குனியாத, நிமிராத, நடக்காத" என்று ஓய்வும் கூடச் சேர்கிறது. ஆச்சிக்குக் கிடைக்காததெல்லாம் பேத்திக்குக் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 350 கலோரிதான் கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குக் கூடுதலாகத் தேவை என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. ஏறக்குறைய இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார், ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். இரண்டு உயிருக்கு இரண்டு மடங்குச் சோறு என்ற கணக்கே கிடையாது.

சர்க்கரைதான் இன்றைய பெரிய பயம். சென்னையில் மருத்துவர் வி. சேஷையா இதில் முன்னோடி. அவர் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில் சென்னை நகரக் கர்ப்பிணிகளில் 17.8 விழுக்காட்டினருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. புறநகரில் 13.8, கிராமத்தில் 9.9. வெறும் வயிற்றோடு காத்திருக்க வைக்காமல், எப்போது வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை செய்யும் எளிய முறையை அவர்தான் முன்னெடுத்தார். 140ஐத் தொட்டால் சர்க்கரை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை என்று தமிழ்நாடு முதலில் முடிவெடுத்தது, பிறகு தேசிய வழிகாட்டியிலும் இடம்பெற்றது. அவர் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக இருக்கிறது.

அட்டையில் ஒரு கட்டம்

ஹெல்த் போஸ்ட்டில் எடை பார்க்கும் காட்சியை அருகில் நின்று பாருங்கள். வரிசை நீளம். செருப்பைக் கழற்று, பையைக் கீழே வை, ஏறு. நர்ஸ் எண்ணைச் சொல்கிறார், தாய் சேய் அட்டையில் ஒருவர் எழுதுகிறார். 52.4. இறங்கு, அடுத்த ஆள். மொத்தம் அரை நிமிடம். வரிசையில் அறுபது பேர் நிற்கும்போது அந்த ஊழியரைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் போன மாதம் எவ்வளவு, தொடக்கத்தில் எவ்வளவு, இந்த ஏற்றம் சரியா என்ற பேச்சு அந்த அரை நிமிடத்தில் நடப்பதில்லை. அட்டை மராத்தியில் அச்சானது. ஆச்சியால் அதைப் படிக்க முடியாது. ஏழாம் மாதம் பேத்தி நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டால், ஊரில் புது அட்டை, புது எண். மும்பையில் எழுதிய முதல் மாத எடை அங்கே யாருக்கும் தெரியாது.

அந்த முதல் எடை இல்லாமல் பிற எண்களுக்குப் பொருளில்லை. இதைத்தான் நம் வீடுகள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க மருத்துவக் கழகம் 2009இல் வகுத்து, உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு, பெண் எந்த எடையில் கர்ப்பமானாள் என்பதிலிருந்து தொடங்குகிறது. உயரத்தையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. 18.5க்குக் கீழ் என்றால் 12.5 முதல் 18 கிலோ ஏற வேண்டும். 18.5 முதல் 24.9 வரை என்றால் 11.5 முதல் 16. 25 முதல் 29.9 என்றால் 7 முதல் 11.5. 30க்கு மேல் என்றால் 5 முதல் 9 கிலோ போதும்.

ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு இதை நேரடியாகச் சொல்லலாம். கர்ப்பத்துக்கு முன் 43 கிலோவுக்குக் கீழே என்றால் அவள் மெலிந்தவள். 43 முதல் 58 வரை சராசரி. 58க்கு மேல் கூடுதல் எடை, 70க்கு மேல் உடல் பருமன். நம் உடம்பு வாகுக்குச் சர்க்கரை சீக்கிரம் வருவதால், இந்திய மருத்துவர்கள் 53 கிலோவிலிருந்தே, அதாவது பி.எம்.ஐ. 23இலிருந்தே கவனமாக இருக்கச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக நம் அரசின் 2010 வழிகாட்டி சொல்வது மொத்தம் 9 முதல் 11 கிலோ, மூன்று மாதத்துக்குப் பிறகு மாதம் ஏறக்குறைய 2 கிலோ. முதல் மூன்று மாதத்தில் அரை கிலோ முதல் 2 கிலோ வரை ஏறினால் போதும். வாந்தியால் சிறிது குறைந்தாலும் பதற வேண்டியதில்லை. தண்ணீர்கூடத் தங்காத வாந்திக்கு மட்டும் உடனே ஆஸ்பத்திரி.

ஏறும் 12 கிலோ எங்கே போகிறது? பிள்ளை 3 கிலோ. நஞ்சும் பனிக்குட நீரும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. கருப்பையும் மார்பும் அவ்வளவே. கூடும் ரத்தம் ஒன்றேகால் கிலோவுக்கு மேல். திசுக்களில் தங்கும் நீர் ஒன்றரைக் கிலோ. மீதி மூன்று, மூன்றரைக் கிலோ கொழுப்பு, பால் கொடுக்கும் மாதங்களுக்கான சேமிப்பு. "எல்லாம் சதையாப் போட்டுட்டேன்" என்று கண்ணாடி முன் வருந்தும் பெண்ணுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும். அவள் சாப்பாட்டைக் குறைத்து எடை குறைக்க முயலக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கர்ப்பகாலம் எடை குறைக்கும் காலமே அல்ல. கூடுதல் எடையுள்ளவளும் தட்டைக் குறைக்காமல், அதில் இருப்பதை மாற்ற வேண்டும்.

இரண்டு குறையும் ஒரே பிள்ளையில்

மெலிந்த தாயையும் பருத்த தாயையும் எதிரெதிர்க் கதைகளாக எண்ணுகிறோம். புனே கே.இ.எம். ஆஸ்பத்திரியின் மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக் 1990களில் கிராமத்துத் தாய்மாரிடம் நடத்திய ஆய்வு, இவை ஒரே கதையின் இரு அத்தியாயங்கள் என்று காட்டியது. புனே கிராமப் பிள்ளைகள் சராசரி 2.7 கிலோவில் பிறந்தார்கள், இங்கிலாந்துப் பிள்ளைகள் 3.5 கிலோவில். எடை இவ்வளவு குறைந்தும் நம் பிள்ளைகளின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தசை குறைந்து கொழுப்பு மிஞ்சிய அந்த உடம்பு, வளர்ந்து நகரத்துச் சாப்பாட்டைச் சந்திக்கும்போது சர்க்கரைக்கு இடம் கொடுக்கிறது. 1970இல் விக்ரோலி மேட்டில் அரைவயிற்றோடு சுமக்கப்பட்ட பெண் குழந்தை, 1995இல் தாயாகும்போது சர்க்கரை வரக்கூடிய உடம்போடு நிற்கிறாள். ஆச்சியின் பசி பேத்தியின் ரத்தச் சோதனை வரை வருகிறது. "உன் வாய்க்கட்டு இல்லாததாலதான் சர்க்கரை" என்று பேத்தியைக் கடிந்துகொள்வது அதனால் நியாயமாகாது.

வழி எங்கே என்பதையும் மும்பையே ஆராய்ந்தது. இங்கே குடிசைப் பகுதிகளில் 6,513 பெண்களைச் சேர்த்து நடந்த தாய்மை ஊட்டச்சத்து ஆய்வின் முடிவு 2014இல் வெளியானது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஒரு பிரிவினருக்குக் கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டியும், மற்றவர்களுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றால் செய்த சிற்றுண்டியும் தினமும் தந்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பிள்ளையின் எடையில் பெரிய மாற்றமில்லை. ஆனால் கருத்தரிப்பதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களின் பிள்ளைகள் சராசரி 48 கிராம் கூடுதலாகப் பிறந்தார்கள். மிக மெலிந்த பெண்களுக்கு அந்தப் பலனும் கிட்டவில்லை. இன்னொரு பலன் எதிர்பாராதது. கீரைச் சிற்றுண்டி சாப்பிட்டவர்களில் கர்ப்பகாலச் சர்க்கரை 7.3 விழுக்காடு, மற்றவர்களில் 12.4.

இதிலிருந்து எனக்கு விளங்குவது இது. ஏழாம் மாத வளைகாப்பில் ஐந்து வகைச் சாதம் பரிமாறுவது நல்ல மரபு. ஆனால் அது காலம் தாழ்ந்த பரிமாறல். உடம்பு தயாராவது அதற்கு ஆண்டுகளுக்கு முன்பு, பதினைந்து வயதுப் பெண் பிள்ளை காலையில் வெறும் டீயோடு பள்ளிக்கு ஓடும் அந்த நாட்களில். அன்று குடும்பத்திடம் பணமில்லை, இன்று நேரமில்லை. பெண்ணின் தட்டு கடைசி என்ற வரிசை மட்டும் இரண்டு காலத்துக்கும் பொதுவாக நிற்கிறது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

விக்ரோலியில் இருந்தாலும் விருதுநகரில் இருந்தாலும், உங்கள் வீட்டில் வாயும் வயிறுமாக ஒரு பெண் இருந்தால் சில காரியங்களைச் செய்யுங்கள். முதல் மாத எடையை அட்டையின் மேல் பெரிதாகத் தமிழில் எழுதி வையுங்கள். ஊருக்குப் போகும்போது பழைய அட்டையைப் புடவை மடிப்பில் விடாமல் அங்குள்ள நர்ஸ் கையில் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் "எனக்கு இந்த ஏற்றம் சரியா?" என்று வாய்விட்டுக் கேட்க அவளைப் பழக்குங்கள். பதில் வரும்வரை கூட நில்லுங்கள். ஒரே மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் ஏறினாலோ, முகமும் கையும் வீங்கித் தலைவலி வந்தாலோ அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அது ரத்த அழுத்தமாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையைச் சாயாவோடு கொடுக்காதீர்கள், தேநீர் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. மருத்துவர் தடுக்காதவரை அவளை நடக்க விடுங்கள். சர்க்கரை வந்தவளுக்குப் பிள்ளை பிறந்து ஆறு வாரம் கழித்து மறுபடி சோதனை செய்யுங்கள்.

மெலிந்தவளைக் கேலி செய்யாதீர்கள், பருத்தவளை நாணப்படுத்தாதீர்கள். அவள் தட்டை முதலில் வையுங்கள். கீரையும் பருப்பும் முட்டையும் மீனும் அதில் இருக்கட்டும். கர்ப்பிணி மருமகளுக்கு மட்டும் இதைச் செய்தால் போதாது. பள்ளிக்குப் போகும் மகளுக்கும் இன்றிலிருந்தே செய்யுங்கள்.